மாயக் காதல் கதைக்கு இரண்டாம் பாகம்: முதல் பாகத்தைவிட நன்றாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் பாகம் நன்றாகப் போய்விட்டது, "அடுத்தது எப்போ அக்கா?" என்று தினமும் கேட்கிறார்கள், சரி என்று உட்கார்ந்தால் நாலாவது அத்தியாயத்திலேயே கை நின்றுவிடுகிறது. ஏனென்றால் நாயகனும் நாயகியும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள், மாயமெல்லாம் அம்பலமாகிவிட்டது, வில்லனும் செத்தாயிற்று. இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் போகும் குறுக்குவழிகள் மூன்று. நாயகனுக்கு ஞாபகம் போய்விடும். இல்லையென்றால் அவனுடைய பழைய காதலி வந்து நிற்பாள். அதுவும் இல்லையென்றால் செத்த வில்லனுக்கு ஓர் அண்ணன் இருப்பான், தம்பியைவிட இரண்டு மடங்கு சக்தியோடு. மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் பாகத்தின் சுப முடிவுக்கு யாராவது ஒரு விலை கொடுத்திருக்க வேண்டும், அவசரத்தில் அதை எழுதாமல் விட்டிருப்பீர்கள். இரண்டாம் பாகம் அந்தக் கடனை வசூலிக்க வரும் கதை. இதை எப்படிச் செய்வது என்பதுதான் இனி வருவது முழுக்க.

பேசுவதற்கு ஓர் உதாரணக் கதை வேண்டும். செண்பகம், கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் மலைப்பூண்டு போடும் குடும்பத்துப் பெண். சிலம்பன், மலைக்காவலன், குறிஞ்சி பூக்கும் மாதங்களில் மட்டும் மனித உருவம் எடுப்பவன், பூ உதிர்ந்ததும் மலைக்குள் கரைந்துவிட வேண்டியவன். 2018 பூப்பில் சந்திக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் அழுத அழுகையில் விதி உடைந்து அவன் மனிதனாகவே தங்கிவிடுகிறான், கல்யாணம் நடக்கிறது, சுபம். இதற்கு இரண்டாம் பாகம் எழுதப் போகிறோம்.

படி 1: முதல் பாகத்தை எதிராளி மாதிரி வாசியுங்கள்

ஒரே மூச்சில் முழுசாக வாசியுங்கள், எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் திருத்த உட்காராதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. மூன்று விஷயங்களை மட்டும் அதில் குறித்துக்கொண்டே போங்கள்: சொல்லிவிட்டு மீறிய விதி, பாதியில் காணாமல் போன ஆள், யாருமே பதில் சொல்லாத கேள்வி. நம் உதாரணத்தில் முதல் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. அழுதால் விதி உடையும் என்றால், இத்தனை நூற்றாண்டாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோன காவலர்களுக்காக ஒருத்தி கூடவா அழவில்லை? செண்பகத்தின் கண்ணீரில் மட்டும் அப்படி என்ன உப்பு?

அப்புறம் வாசகர்கள் எழுதியதைப் படியுங்கள். "செம்ம, வெயிட்டிங்" என்பதெல்லாம் மனசுக்கு இதம், கதைக்கு உதவாது. "அந்தப் பாட்டி என்ன ஆனாங்க?", "சிலம்பனுக்கு ரேஷன் கார்டு எப்படி வந்துச்சு?" என்று கேட்டவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு கேள்வியைக் கிண்டல் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் மலைக்குள்ளிருந்து வந்த ஒருவன் ஊரில் யாராக வாழ்கிறான் என்பதைவிட நல்ல கேள்வி இரண்டாம் பாகத்துக்குக் கிடைக்காது. பிரதிலிபி மாதிரியான தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியும். எண்ணிக்கை சட்டென்று இறங்கும் அத்தியாயம் எது, அதில் என்ன நடக்கிறது என்றும் எழுதிவையுங்கள்.

இந்த நோட்டில் இருப்பதுதான் உங்கள் கடன் பட்டியல். எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியதில்லை, பெரியதாக ஒன்று, சின்னதாக இரண்டு போதும். ஒன்று மட்டும்: வெளியான முதல் பாகத்துக்குள் போய் சம்பவங்களை மாற்றாதீர்கள். ஓட்டையை அடைத்துவிட்டால் இரண்டாம் பாகம் எந்த வழியாக உள்ளே வரும்?

படி 2: களவு முடிந்தது, கற்பைத் தொடங்குங்கள்

தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் களவியல் தனி, கற்பியல் தனி. களவில் இருவரும் ஊருக்குத் தெரியாமல் சந்திப்பார்கள், தோழி உதவுவாள், ஊர் அலர் (வம்பு) பேசும், வீட்டில் காவல் கூடும். கல்யாணத்துக்குப் பிறகு வருவது கற்பு, அதில் எல்லாமே வேறு. பொருள் தேடிப் பிரிவது, காத்திருப்பது, ஊடல், சமாதானத்துக்குத் தூது என்று அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. முதல் பாகத்தில் நீங்கள் எழுதியது களவு. இரண்டாம் பாகத்திலும் களவையே எழுதப் போனால்தான் ஞாபகம் போகிறது, பழைய காதலி வருகிறாள், ஏனென்றால் சேர்ந்தவர்களை மறுபடி சேராதவர்களாக்க வேறு வழி கிடையாது.

வள்ளி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலைகளின் மூத்த மாயக் காதல் கதை அதுதான். வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேன் கேட்கிறான், அண்ணன் யானையாக வந்து பயமுறுத்துகிறான். கல்யாணத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் வள்ளியும் தெய்வானையும் ஒருத்தி குலத்தை ஒருத்தி இழுத்துத் திட்டிக்கொள்ளும் ஏசல் பாட்டை நம் சனங்கள் கட்டிப் பாடினார்கள். தாங்களாகவே போட்டுக்கொண்ட இரண்டாம் பாகம்! அதில் முருகனுக்கு ஞாபக மறதியெல்லாம் வரவில்லை, வீட்டில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான், அவ்வளவுதான்.

ஆகவே "சேருவார்களா?" என்ற கேள்வியை மூட்டை கட்டிவிட்டு "சேர்ந்து எப்படி வாழ்வார்கள்?" என்று கேளுங்கள். 2024க்கு வாருங்கள். செண்பகம் காதலித்தது ஒரு மலையை, வீட்டில் இருப்பதோ ஓர் ஆள். பூண்டு மூட்டை தூக்கினால் அவனுக்கு இடுப்பு பிடிக்கிறது, வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறான், மார்கழிக் குளிரில் அவளைவிட அதிகம் நடுங்குகிறான். அவன் பக்கமிருந்து பார்த்தால், இத்தனை வருஷம் மழையும் காற்றும் தன் பேச்சைக் கேட்டன, இப்போது மாமனார்கூடக் கேட்பதில்லை. இதில் யார்மேலும் தப்பில்லை. அதனால்தான் இந்தச் சண்டை முந்நூறு பக்கத்துக்குத் தாங்கும். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் தப்பபிப்பிராயம் தாங்காது. சிக்னல் இல்லை என்று சாக்கு சொல்லலாம்தான், கிளாவரை மாதிரி மலைக்கிராமத்தில் அது நம்பும்படியும் இருக்கும், ஆனால் ஓர் அத்தியாயத்துக்கு மேல் ஓடாது.

படி 3: மாயத்துக்கு விலை போடுங்கள்

இங்கேதான் பெரும்பாலான உழைப்பைக் கொட்ட வேண்டும்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: 1994, 2006, 2018, அடுத்து 2030. பூத்து, விதை உதிர்த்ததும் அந்தச் செடி காய்ந்து செத்துவிடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அடுத்த முறை பூப்பது விதையிலிருந்து வந்த புதுச் செடிகள். இதை அறிந்த நிமிடமே நம் கதையின் ஓட்டை கதவாகிவிடுகிறது. காவலன் மலைக்குள் கரைந்தால்தான் விதை முளைக்கும். 2018இல் சிலம்பன் கரையவில்லை. அதனால் அந்தச் சரிவில் விழுந்த விதை அப்படியே கிடக்கிறது. ஆறு வருஷத்தில் புதராக நிற்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கிறது, பூண்டுக்குத் தண்ணீர் கொடுத்த ஊற்று சுருங்குகிறது, செண்பகத்தின் அப்பாவே "எந்த நேரத்துல இவன் இந்த வீட்டுக்குள்ள வந்தானோ" என்று முணுமுணுக்கிறார். காரணம் தெரியாமலேயே அவர் சரியாகச் சொல்கிறார்!

சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையில், முல்லையும் குறிஞ்சியும் தங்கள் இயல்பு திரிந்து பாலை என்று ஒரு வடிவம் கொள்ளும் என்று வரும். பாலைக்குத் தனி நிலம் கிடையாது, வறண்டுபோன குறிஞ்சிதான் பாலை. இரண்டாம் பாகம் என்றாலே புது ராஜ்ஜியம், புது வரைபடம், கடலுக்கு அப்பால் இன்னொரு மாய இனம் என்று போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடத்தை மாற்றாதீர்கள். முதல் பாகத்தில் அவர்கள் முத்தமிட்ட அதே சரிவைத் தீய்த்துக் காட்டுங்கள். வாசகருக்கு வலிக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் அவரும் இருந்திருக்கிறார்.

விலையை முடிவுசெய்யும்போது ஒவ்வொரு மாயத்துக்கும் கேட்டுப் பாருங்கள்: யார் கொடுக்கிறார்கள், எதில் கொடுக்கிறார்கள், தேவைப்படுவதற்கு வெகுமுன்பே வாசகருக்குச் சொல்லியாகிவிட்டதா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். உதாரணத்துக்கு, குறிஞ்சியில் பல வகை உண்டு, எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு வருஷக் கணக்கு கிடையாது; நீலக்குறிஞ்சியே சில சரிவுகளில் முன்னே பின்னே பூப்பதுண்டு. இதை உச்சக்கட்டத்தில் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் ஏமாற்று வேலை. மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு பெரியவர், மாடு தேடிப் போன இடத்தில் காலம் தப்பிப் பூத்த குறிஞ்சியைப் பார்த்தேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போகட்டும், யாரும் காதில் வாங்க வேண்டாம்.

படி 4: புது ஆள் வேண்டுமா? பழைய ஓட்டையில் தேடுங்கள்

முதல் பாகத்தில் ஒரு கல்யாணம் நடந்தது இல்லையா? தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு போட வேண்டும். சிலம்பனுக்குத்தான் உறவே கிடையாதே, முடிச்சு போட்டது யார்? அந்த அத்தியாயத்தில் "கூட்டத்திலிருந்த ஒரு பெண்" என்று போகிறபோக்கில் எழுதியிருப்பீர்கள். அவள்தான் இரண்டாம் பாகம். மலையின் இன்னொரு காவல், சிலம்பனுக்கு அக்கா முறை. அன்றைக்குத் தம்பிக்காக இரங்கி முடிச்சு போட்டாள், இன்றைக்கு மலை சாகிறது, கணக்கு கேட்க வந்திருக்கிறாள். குழந்தைக்குக் காது குத்தும் வீட்டில் அத்தை என்று உரிமையோடு வந்து உட்காருகிறாள், செண்பகத்துக்கு மட்டும் யாரென்று புரிகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே முழு நாவலையும் எழுதலாம்.

அவளை வில்லியாக்காதீர்கள். நாத்தனார் என்றாலே கண்ணை உருட்டும் சீரியல் பழக்கம் நமக்கு நிறைய இருக்கிறது. அவள் கேட்பது நியாயம், செண்பகம் மறுப்பதும் நியாயம், நடுவில் நிற்கும் சிலம்பன் இருவரிடமும் கடன்பட்டவன். ஒரு நல்ல சோதனை: அக்காவின் பக்கத்தை அவளே பேசுவதாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் நீங்களே அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பாத்திரம் தேறிவிட்டது.

படி 5: மலையின் நாட்காட்டிப்படி அடுக்குங்கள்

குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என்று பொழுது பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை அப்படியே தொழில்நுட்பமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் பாகத்தில் காதல் காட்சிகளெல்லாம் ராத்திரி, மஞ்சு இறங்கி மூடியிருக்கும்போது. இரண்டாம் பாகத்தில் முக்கியமான பேச்சுகளை உச்சி வெயிலில் வையுங்கள், ஒளிந்துகொள்ள நிழல் இல்லாத மொட்டைச் சரிவில், ஒருவர் முகம் ஒருவருக்கு முழுசாகத் தெரியும்படி. அதே ஜோடி, அதே இடம், ஆனால் வாசகருக்கு வேறு புத்தகம் என்று உடம்பிலேயே தெரியும்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் வருஷமும் உதவும். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை உறைபனி, புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். கதையை அங்கே தொடங்கி ஊடலை வளர்க்கலாம். பிப்ரவரியிலிருந்து புல் காய்ந்து காட்டுத்தீ பயம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம், மலைப்பாதையில் வண்டி நகராது. அவசரமாக ஒருவர் கீழே வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டிய காட்சியை வைத்தால் மாயம் இல்லாமலேயே பதற்றம் கிடைக்கும். அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, மண் சரியும். உச்சக்கட்டத்தை மழையில் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம், தீயில் வையுங்கள், மழையைக் கடைசி அத்தியாயத்துக்குச் சேமியுங்கள்.

படி 6: இடத்தைச் சரிபாருங்கள்

கொடைக்கானல் ஏரிக்கு அடியில் ஆயிரம் வருஷத்து அரண்மனை என்று எழுதத் தோன்றும். அந்த ஏரி 1863இல் வெட்டி உண்டாக்கியது, அதற்கு முன் சதுப்பு நிலம். ஆனால் சதுப்பில் என்ன இருந்தது என்று எழுதலாம், அது இன்னும் சுவாரசியம். பைன், தைலமரம், சீகை (வாட்டில் மரம்) எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை, சோலைதான் மலைக்குச் சொந்தம். ஆகவே மலைக்காவலன் பைன் காட்டுக்குள் போனால் அவனுக்கு அங்கே எதுவும் பதில் பேசாது என்று ஒரு விதி வைத்தால் அழகாக உட்காரும். மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. வியாபாரி காட்சியில் ஒரு வரி வரலாம். ராத்திரி ரோட்டில் காட்டுமாடு நிற்பதைப் பெரிய அபசகுனமாக எழுதாதீர்கள், இங்கே அது சாதாரணம்.

தாண்டிக்குடிப் பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன, மாய உலகத்து வாசல் என்று வைக்க ஏற்ற இடம்தான். பழங்காலத்தில் செத்தவர்களுக்காக எழுப்பியவை என்பதை மறக்காமல் எழுதினால் காட்சிக்குக் கனம் கூடும். இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களைக் கொண்டுவந்தால் பெயரும் கோபமும் குடும்பமும் உள்ள மனிதர்களாகக் கொண்டுவாருங்கள். நாயகனுக்கு மூலிகை கொடுத்து ரகசியம் சொல்லிவிட்டு மறைந்துபோகும் "காட்டுவாசிப் பெரியவர்" பாத்திரம் போதும் போதும் என்றாகிவிட்டது.

படி 7: முன்கதையைச் செயலுக்குள் வையுங்கள்

"சிலம்பன் ஒரு மலைக்காவலன் என்பதும், 2018இல் செண்பகம் அவனைச் சந்தித்தாள் என்பதும் வாசகர்கள் அறிந்ததே" என்று தொடங்கினால் பழைய வாசகர் தாண்டிவிடுவார், புதியவர் மூடிவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எடை போட்டுட்டு சாப்பிட வாங்க மாமா" என்றாள் செண்பகம். சிலம்பன் நகரவில்லை. ஆறு வருஷமாகியும் தராசைக் கண்டால் அவனுக்குப் பயம். மலை யாருக்கும் எதையும் நிறுத்துக் கொடுத்ததில்லை.

நாலு வரிதான். அவன் யார், எவ்வளவு காலமாயிற்று, இருவருக்கும் என்ன உறவு, அவனுக்கு எங்கே வலிக்கிறது, எல்லாம் வந்துவிட்டது. முதல் மூன்று அத்தியாயத்துக்கு இந்த மாதிரி துளித்துளியாக விட்டால் போதும்.

இதோடு சேர்ந்ததுதான் அழைக்கும் முறை. முதல் பாகத்தில் அவனை எப்படிக் கூப்பிட்டாள்? இப்போது "மாமா" என்கிறாள், கோபம் வந்தால் "இந்தாங்க" என்று மொட்டையாக நிறுத்துகிறாள், ராத்திரியில் தனியாக இருக்கும்போது பழைய பெயர். தம்பி "மச்சான்" என்கிறான், அம்மா "மாப்பிள்ளை". மாமனார் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் தொண்டையைச் செருமுகிறார். அவர் எந்த அத்தியாயத்தில் முதல்முறை "மாப்ள" என்பார் என்று இப்போதே முடிவுசெய்து நோட்டில் எழுதுங்கள்.

படி 8: முடிவு

கடன் எப்படித் தீரும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிலம்பன் மலைக்குத் திரும்பிவிட்டால் முதல் பாகமே வீண். மறுபடி அழுது விதியை உடைத்தால் வாசகர் புத்தகத்தை வீசுவார், வீசட்டும். நான் எழுதினால் இப்படி முடிப்பேன்: விதைகள் முளைக்கின்றன, அவன் மனிதனாகவே இருக்கிறான், ஆனால் செடியின் ஆயுள்தான் இனி அவன் ஆயுள். அது பூத்து முடியும் வரை. இருவரும் தெரிந்தே ஒப்புக்கொள்கிறார்கள், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் செய்யும் தியாகம் இல்லை. இது சோகம் என்பீர்கள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, பூண்டு விளைகிறது, அவனும் தராசைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். எனக்கு இது சுபமாகத்தான் படுகிறது.

படி 9: வெளியிடும் முன்

இரண்டு பேரிடம் கொடுங்கள்: முதல் பாகம் வாசித்தவர் ஒருவர், வாசிக்காதவர் ஒருவர். அபிப்பிராயம் கேட்காதீர்கள், சலிப்புத் தட்டிய இடத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள், போதும். இருவருமே கோடு போட்ட பக்கத்தை யோசிக்காமல் வெட்டிவிடலாம். வயது, வருஷம், எந்த மாதம் என்ன பயிர் என்பதையெல்லாம் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். 2018இல் இருபத்து மூன்று வயது என்றால் 2024இல் அவளுக்கு இருபத்தொன்பது, இதில் தவறினால் கண்டுபிடிப்பதற்கென்றே வாசகர்கள் இருக்கிறார்கள்.

தொடராகப் போடுவதானால் குறைந்தது பாதிக் கதையாவது கையில் இருக்கும்போது தொடங்குங்கள், இல்லையென்றால் கமெண்டில் வரும் "சிலம்பனைக் கொன்னுடாதீங்க" என்ற கெஞ்சலுக்கெல்லாம் கதை வளைந்துவிடும். கிண்டிலில் போட்டால் இரண்டு பாகங்களையும் ஒரே தொடராக இணைத்துவிடுங்கள், அட்டையிலும் "பாகம் 2" என்று பெரிதாகவே இருக்கட்டும். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டாவதின் முதல் அத்தியாயத்தைச் சேர்த்து மறுபடி ஏற்றிவிட்டால், இனிமேல் முதல் பாகத்தை வாசிப்பவர் அங்கேயே நின்றுவிடாமல் நேரே அடுத்ததற்குள் வந்துவிடுவார்.